காயம் சிறிது, வலி பெரிது: மருத்துவமனைக்கு எப்போது ஓட வேண்டும்?

எரிக் கோர்னல் என்ற அமெரிக்க இயற்பியலாளரின் பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1995ஆம் ஆண்டில் ருபிடியம் அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் குளிரச் செய்து, போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள் என்னும் பருப்பொருள் நிலையை முதன்முதலாக உருவாக்கிக் காட்டியவர்களில் அவர் ஒருவர். அதற்காக 2001இல் நோபல் பரிசும் பெற்றார். 2004 அக்டோபரில், 42ஆவது வயதில், அவருடைய உடலில் ஒரு கிருமித்தொற்று ஏற்பட்டது. அது பரவிய வேகத்தில், உயிரைக் காப்பாற்றுவதற்காக அறுவை மருத்துவர்கள் அவருடைய இடது கையைத் தோளோடு சேர்த்து அகற்ற வேண்டியதாயிற்று. டிசம்பரில் வீடு திரும்பினார். மறு ஆண்டு ஏப்ரலில் பகுதி நேரமாக ஆய்வுக்கூடத்துக்கும் திரும்பினார்.

கனடாவின் அரசியல் தலைவர் லூசியன் புஷார் 1994 டிசம்பரில் இதே நோயால் ஒரு காலை இழந்தார். அந்த ஆண்டில்தான் பிரிட்டன் நாளேடுகள் இதற்கு ‘சதை தின்னும் கிருமி’ என்று பெயர் சூட்டிப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டன. மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் நெக்ரோடைசிங் ஃபாசியைட்டிஸ். நாம் ‘தசையுறை அழுகல்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

இது அரிதான நோய். இதைப் படித்துவிட்டு, முழங்காலில் சிராய்ப்பு விழுந்த ஒவ்வொரு முறையும் நீங்கள் அலற வேண்டாம். ஆனால் அரிதான இந்த நோயில் ஒரு சிறப்பு உண்டு. முதல் நாளில் கண்டுபிடித்தால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தால் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. முதல் நாளில் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் மருத்துவர் அல்லர். வீட்டில் இருக்கும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

கோழித்தோலை உரித்தால் தெரியும்

கோழியைச் சுத்தம் செய்யும்போது கவனித்திருக்கிறீர்களா? தோலை இழுத்தால், அதற்கும் இறைச்சிக்கும் இடையே வெள்ளையாக, மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போல ஒரு சவ்வு வரும். அதுதான் தசையுறை. நம் உடலிலும் அப்படியே. மேலே மேல்தோல், அதற்குக் கீழே உள்தோல், பிறகு கொழுப்பு அடுக்கு, அதன் அடியில் தசையுறை, அதற்கும் அடியில் தசை. எலும்பைத் தவிர்த்த இந்தப் பகுதிகளைத்தான் மருத்துவத்தில் மென்திசு என்கிறார்கள்.

கிருமி எந்த அடுக்கில் நிற்கிறது என்பதைப் பொறுத்து நோயின் பெயரும் மாறுகிறது, வைத்தியமும் மாறுகிறது. ஒரே இடத்தில் தேங்கிச் சீழ் பிடித்தால் அது கட்டி. கீறிச் சீழை வெளியேற்றினால் பெரும்பாலும் ஆறிவிடும். உள்தோலிலும் கொழுப்பிலும் பரவினால் செல்லுலைட்டிஸ். தோல் சூடாகி, வீங்கி, சிவக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து போதும். நாம் காணும் தோல் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டும்தான்.

கிருமி தசையுறைக்கு இறங்கிவிட்டால் கதை வேறு. தசையுறைக்கு இரத்த ஓட்டம் குறைவு. அதனால் வெள்ளை அணுக்கள் அங்கே போய்ச் சேர்வதும் குறைவு. தடுப்பு எதுவும் இல்லாமல் நீளமாகவும் வழுவழுப்பாகவும் கிடக்கும் அந்தத் தளம் கிருமிகளுக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை மாதிரி, சுங்கச்சாவடியும் கிடையாது. மேலே தோல் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும்போது, கீழே தொற்று முழங்காலைத் தாண்டித் தொடைக்குப் போய்விட்டிருக்கலாம்.

‘சதை தின்னும்’ என்ற சொல் எனக்குப் பிடிக்காது. கிருமி எதையும் கடித்துத் தின்பதில்லை. அது நஞ்சுகளை வெளியிடுகிறது. அந்த நஞ்சாலும் அழற்சியாலும் சிறு இரத்தக் குழாய்களுக்குள் இரத்தம் உறைகிறது. இரத்தம் போகாத திசு ஆக்சிஜன் இல்லாமல் மடிகிறது. செத்த திசுவில் கிருமி இன்னும் வேகமாகப் பெருகுகிறது. சங்கிலி இப்படித்தான் ஓடுகிறது.

இந்தக் கூட்டத்தில் பலவகைக் கிருமிகள் உண்டு. பல நேரங்களில் நான்கைந்து வகைகள் கூட்டாகச் சேர்ந்து தாக்குகின்றன. தனியாகவே இந்த வேலையைச் செய்யக்கூடியவற்றில் முதன்மையானது ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஆம், உங்களுக்குத் தொண்டைப்புண் வரவழைக்கும் அதே பாக்டீரியாதான். அதன் பையில் உள்ள கருவிகளைப் பாருங்கள். திசுக்களை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைக்க ஒரு நொதி. வெள்ளை அணுக்கள் வீசும் டிஎன்ஏ வலையை அறுக்க இன்னொரு நொதி. இரத்தக்கட்டியைக் கரைத்து வழி உண்டாக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ். இந்தக் கடைசிப் பெயரை உங்கள் தாத்தாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் சொல்லிக்கூட நீங்கள் கேட்டிருக்கலாம். மாரடைப்பு வந்தவரின் இதயக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்க, இதே நொதியைத் தூய்மைப்படுத்தி ஊசியாகப் போட்டார்கள். கள்ளனின் சாவியை வாங்கி நம் வீட்டுக் கதவைத் திறந்த கதை அது.

இவற்றையெல்லாம் மீறிய ஆபத்து, இந்தக் கிருமி வெளியிடும் ‘சூப்பர் ஆன்டிஜென்’ என்ற புரதம். சாதாரணமாக ஒரு கிருமி நுழைந்தால், அதற்குப் பொருந்தும் மிகச் சில டி அணுக்கள் மட்டுமே விழித்தெழும். சூப்பர் ஆன்டிஜெனோ டி அணுக்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். உடல் முழுவதும் அழற்சி வெடிக்கிறது. இரத்த அழுத்தம் சரிகிறது, சிறுநீரகம் தளர்கிறது. காலில் தொடங்கிய நோய் ஆளையே சாய்ப்பது இப்படித்தான்.

வேகத்தைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு. ஒரு பாக்டீரியா 30 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிவதாக வைத்துக்கொள்வோம். 10 மணி நேரத்தில் 20 பிரிவுகள். 2இன் 20ஆம் அடுக்கு 1,048,576. இரவு பத்து மணிக்கு ஒன்று, காலை எட்டு மணிக்கு ஒரு மில்லியனுக்கு மேல். உடலுக்குள் எதிர்ப்புச் சக்தி இருப்பதால் உண்மையில் இத்தனை சீராக நடக்காதுதான். ஆனாலும் “காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்ற சொல்லுக்கு என்ன விலை என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

வலி ஓர் அளவு, தோற்றம் வேறோர் அளவு

சிங்கப்பூரின் சாங்கி பொது மருத்துவமனைக்கு இந்த நோயோடு வந்த 89 பேரைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த 89 பேரில், மருத்துவமனையில் சேர்த்தபோதே இன்ன நோய் என்று சரியாகக் கணிக்கப்பட்டவர்கள் 13 பேர் மட்டுமே. அனுபவம் மிக்க மருத்துவர்களுக்கே இந்த நிலை. மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். அறுவைச் சிகிச்சை 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானதுதான் இறப்பைக் கூட்டிய காரணம் என்று அவர்களுடைய கணக்கு காட்டியது.

ஏன் தவறவிடுகிறோம்? நாம் கண்ணை நம்புகிறோம். இந்த நோயோ தொடக்கத்தில் கண்ணுக்கு எதையும் காட்டுவதில்லை. அது முதலில் காட்டுவது வலியை. சிறிய கீறல், இலேசான வீக்கம். ஆனால் நோயாளி தாங்க முடியாமல் துடிக்கிறார். சிவந்த இடத்தைத் தாண்டி, பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்தைத் தொட்டாலும் வலிக்கிறது. தோற்றத்துக்கும் வலிக்கும் பொருத்தம் இல்லையென்றால் அதை முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். “சின்னக் காயம்தானே, ஏன் இப்படிக் கத்துற?” என்று தம்பியை அதட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கூடவே காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, நெஞ்சு படபடப்பு வரலாம். பலர் இதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். அடுத்த கட்டத்தில் வீக்கம் மரக்கட்டை போல இறுகும். தோல் பளபளக்கும், பிறகு ஊதா அல்லது சாம்பல் நிறத்துக்கு மாறும். இரத்தம் கலந்த கொப்புளங்கள் எழும். சில வகைக் கிருமிகள் வாயுவை உண்டாக்குவதால், அழுத்தினால் தோலுக்குக் கீழே நறநறவென்று உணரலாம். பேச்சு குழறுவதும், ஆள் குழம்பிப் போவதும் நோய் இரத்தத்தில் பரவிவிட்டதன் அறிகுறி.

இன்னொன்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். வலித்துக்கொண்டிருந்த இடம் திடீரென்று மரத்துப்போய், “இப்ப பரவாயில்ல, வலி குறைஞ்சிருச்சு” என்று நோயாளி சொன்னால் மகிழ வேண்டாம். அங்கே இருந்த நரம்புகள் இறந்திருக்கலாம். வலி குறைந்தும் ஆள் மேலும் சோர்ந்தால் அது மோசமான செய்தி.

பாடநூல்களில் ‘சிவத்தல்’ என்றுதான் எழுதியிருக்கும். படங்களும் வெள்ளைத் தோலில் எடுத்தவையாகவே இருக்கும். நம்மைப் போன்ற கருமை, மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் சுற்றிலும் இருப்பதைவிடக் கருத்தோ ஊதாவாகவோ தெரியலாம்; சில சமயம் நிறமாற்றமே தெரியாது. ஆகவே புறங்கையால் தொட்டுச் சூட்டைப் பாருங்கள், இன்னொரு காலோடு ஒப்பிட்டு வீக்கத்தைப் பாருங்கள். அதோடு ஓர் எளிய உத்தி உண்டு: பேனாவால் வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். ஓரிரு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் ஐயத்துக்கு இடமில்லை, உடனே கிளம்புங்கள். மருத்துவமனைகளிலும் தாதியர் இப்படித்தான் கோடு போடுகிறார்கள். ஆனால் கோட்டுக்குள் நிற்கிறதே என்று கடும் வலியைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடாதீர்கள். தசையுறையில் நடப்பதைப் பேனாக்கோடு அளக்காது.

யாருக்கு வரும்?

யாருக்கும் வரலாம் என்பதற்கு கோர்னல் சாட்சி. ஆனால் வாய்ப்பு எல்லாருக்கும் ஒன்றல்ல. மேலே சொன்ன சாங்கி ஆய்வில் பத்தில் ஏழு பேர் நீரிழிவு நோயாளிகள். மலேசியாவில் 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவுடன் வாழ்கிறார். இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம். உங்கள் வீட்டில் ‘இனிப்பு நீர்’ உள்ளவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

நீரிழிவில் இரண்டு சிக்கல்கள் சேர்ந்து வருகின்றன. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் வெள்ளை அணுக்களின் திறன் குறைகிறது. பல ஆண்டு நீரிழிவால் பாத நரம்புகளும் பழுதடைகின்றன. அப்படியென்றால், நாம் முதல் எச்சரிக்கை என்று சொன்ன அந்த வலியே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். பாட்டிக்குக் காலில் ஆணி குத்தியதே தெரியாது. இரத்தக்கறை படிந்த தரையைப் பார்த்துத்தான் தெரியும். தைப்பூசத்தில் வெறுங்காலோடு படியேறி வந்த தாத்தாவின் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் அன்றிரவே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முதியவர்களால் முடிவதில்லை. உங்களுக்கு முதுகு வளையும்.

சிறுவர்களுக்கு நீர்க்கொப்புள அம்மை ஒரு வாசல். சொறிந்து உடைந்த கொப்புளம் வழியாக ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுழையும். வாசலில் வேப்பிலை கட்டுவது அவரவர் நம்பிக்கை; நான் அதில் குறை காண மாட்டேன். ஆனால் இறங்கிய காய்ச்சல் மீண்டும் ஏறி, ஓர் இடம் மட்டும் வீங்கிக் கடுமையாக வலித்தால், பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது. இந்த அம்மைக்குத் தடுப்பூசியும் இருக்கிறது.

கடலோரத்தில் வாழ்பவர்களுக்கும் மீன் வியாபாரிகளுக்கும் வேறொரு கிருமி உண்டு: விப்ரியோ வல்னிஃபிகஸ். உப்பும் நன்னீரும் கலக்கும் வெதுவெதுப்பான முகத்துவார நீர் அதற்குப் பிடித்த இடம். மீன் முள் குத்திய விரல், இறால் உரிக்கும்போது கிழிந்த கை என்று சிறு வாசலே அதற்குப் போதும். கல்லீரல் நோய் உள்ளவர்களை இது கடுமையாகத் தாக்குகிறது, ஏனென்றால் அவர்களுடைய இரத்தத்தில் மிகுந்திருக்கும் இரும்புச்சத்து அதற்கு நல்ல உணவு. காயத்தோடு முகத்துவாரத்தில் இறங்கி மட்டி பொறுக்க வேண்டாம்.

கத்தி முதலில், மருந்து கூடவே

“நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருக்கும்போது ஏன் சார் வெட்டணும்?” என்று என் படிவம் 5 மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. மருந்து நரம்பில் ஏறினால் எங்கே போகும்? இரத்தம் போகும் இடத்துக்கு. இந்த நோயில் கிருமி இருக்கும் இடத்தில்தான் குழாய்கள் அடைபட்டிருக்கின்றனவே! சாலை இல்லாத ஊருக்குத் தபால் அனுப்புவது போலத்தான். ஆகவே செத்த திசு முழுவதையும் அறுவை மருத்துவர் வெட்டி எடுக்கிறார், இரத்தம் கசியும் நல்ல திசு வரும்வரை. ஒரு முறையில் முடிவதில்லை. 24 மணி நேரத்துக்குள் மீண்டும் திறந்து பார்த்து, மிச்சம் இருந்தால் அதையும் எடுக்கிறார்கள். சிலருக்கு இப்படி மூன்று, நான்கு முறை நடக்கும்.

நோயை உறுதிப்படுத்துவதற்கும் கத்திதான் கடைசி வழி. ஐயமுள்ள இடத்தில் மருத்துவர் சிறிதாகக் கீறி, கையுறை அணிந்த விரலைத் தசையுறைவரை நுழைக்கிறார். நல்ல திசு இறுக்கமாகப் பிடித்திருக்கும், இரத்தம் கசியும். நோயுற்ற திசு வெண்ணெயில் விரல் போவது போல வழிவிடும். இரத்தம் வராமல், பாத்திரம் கழுவிய நீர் போன்ற சாம்பல் நிறத் திரவம் வரும்.

மருந்துகளிலும் ஓர் அழகான அறிவியல் இருக்கிறது. 1952இல் ஹாரி ஈகல் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றிய எலிகளுக்குப் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தார். உடனே கொடுத்தால் எலிகள் பிழைத்தன. தாமதமாகக் கொடுத்தால், கிருமி பெனிசிலினுக்குக் கட்டுப்படக்கூடியதாக இருந்தும், எலிகள் செத்தன. காரணத்தை நீங்களே ஊகிக்கலாம். பெனிசிலின், பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டும்போது அதைக் கெடுக்கிறது. கூட்டம் நிறைந்து, பிரிவதை நிறுத்திவிட்ட பாக்டீரியா சுவர் கட்டுவதில்லை. கட்டாத சுவரை எப்படி இடிப்பது?

இதனால்தான் மருத்துவர்கள் கிளிண்டமைசின் என்ற மருந்தையும் சேர்க்கிறார்கள். அது செல்சுவரை விட்டுவிட்டு, பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடிக்கிறது. ரைபோசோம் நின்றால் புரத உற்பத்தி நிற்கும். நஞ்சும் ஒரு புரதம்தான் என்பதால் அதன் உற்பத்தியும் நிற்கும். எந்தக் கிருமி என்று ஆய்வகம் சொல்லும்வரை காத்திருக்க நேரமில்லை என்பதால், பலவகைக் கிருமிகளைத் தாக்கும் வேறு மருந்துகளும் கூடவே ஏறும். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நீர்ச்சத்தும் இரத்த அழுத்தமும் மணிக்கு மணி கவனிக்கப்படும். பிழைத்தவருக்குப் பிறகு தோல் ஒட்டுதல், உடற்பயிற்சி என்று பல மாதங்கள் ஆகும்.

இரத்தப் பரிசோதனையிலும் இந்த வட்டாரத்தின் பங்கு ஒன்று உண்டு. சிங்கப்பூர் மருத்துவர்கள் 2004இல் ‘எல்ரினெக்’ என்ற மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். சி வினைப் புரதம், வெள்ளை அணுக்கள், ஹீமோகுளோபின், சோடியம், கிரியாட்டினின், குளுக்கோஸ் என்று எந்த மருத்துவமனையிலும் எடுக்கக்கூடிய ஆறு அளவுகள். மொத்தம் 13 புள்ளிகள். 6 அல்லது அதற்கு மேல் வந்தால் தசையுறை அழுகலோ என்று ஐயப்பட வேண்டும். உலகமெங்கும் இந்த முறை பயன்பாட்டுக்குச் சென்றது. பிறகு வந்த ஆய்வுகள், குறைந்த புள்ளி பெற்றவர்களிடமும் இந்த நோய் இருந்ததைக் காட்டின. ஆகவே புள்ளி குறைவு என்பதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஒரு கருவி எங்கே உதவும், எங்கே உதவாது என்று சோதித்துக்கொண்டே இருப்பதும் அறிவியல்தான்.

உங்கள் கையில் இருப்பது

திடலில் விழுந்து அடிபட்டால், ஓடும் குழாய் நீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மண், முள் இருந்தால் எடுங்கள். சுத்தமான பிளாஸ்டரால் மூடி, தினமும் மாற்றுங்கள். காப்பித்தூள், பற்பசை, சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். அவை கிருமியையும் சேர்த்து மூடிவைக்கும். மருத்துவர் காயத்தைப் பார்ப்பதையும் மறைக்கும். மிச்சம் இருக்கும் பழைய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை இரண்டைத் தேடி விழுங்குவதும் வேண்டாம். அது நோயைக் குணப்படுத்தாது, அதன் முகத்தை மட்டும் மாற்றிவிடும். வலுவான வலி மாத்திரையும் அப்படித்தான். காய்ச்சலையும் வலியையும் அடக்கி, நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடக்கூடும்.

கடும் வலி, வேகமாகப் பரவும் வீக்கம், நிறம் மாறிய தோல், காய்ச்சலோடு தளர்ச்சி என்று இவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரவு இரண்டு மணியானாலும் போங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. பகலில் கிளினிக்குக்குப் போய் மருந்து வாங்கி வந்திருந்தாலும், வலி கூடினால் மறுபடி போங்கள். “இன்று காலைதானே பார்த்தார்கள்” என்று தயங்க வேண்டாம். காலையில் இல்லாத அறிகுறி மாலையில் இருக்கலாம்.

போகும்போது சில செய்திகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள், பதற்றத்தில் மறந்துபோகும். காயம் எப்போது, எதனால் ஏற்பட்டது. கடல் நீரோ ஆற்று நீரோ பட்டதா. வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு வேகமாகக் கூடியது. நீரிழிவு, கல்லீரல், சிறுநீரக நோய் உண்டா. என்னென்ன மருந்து சாப்பிட்டார். எந்த மருந்துக்கு ஒவ்வாமை. அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் எழுதுங்கள். பேனாவால் போட்ட கோட்டை மட்டும் அழிக்காதீர்கள், மருத்துவர் அதைப் பார்க்கட்டும்.